11 கே.வி. ஜாயின்ட் ஒரு வருஷம்கூடத் தாங்கல: தப்பு கிட் மேலயா, கை மேலயா?

கும்மிடி_மெயின்டனன்ஸ்:

வணக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஆலையில் மின் பராமரிப்பு பார்க்கிறேன். மெயின் சப்ஸ்டேஷனிலிருந்து பின்பக்க ஷெட் டிரான்ஸ்ஃபார்மருக்கு 11 கே.வி. கேபிள் போகிறது. 3 கோர், 240 ஸ்கொயர் மில்லிமீட்டர், அலுமினியம், எக்ஸ்.எல்.பி.இ. (பிளாஸ்டிக் வகை இன்சுலேஷன்), ஆர்மர் (உலோகக் கவசம்) உள்ளது. போன டிசம்பரில் மழைநீர்க் கால்வாய் தோண்ட வந்த ஜேசிபி கேபிளைப் பிய்த்துவிட்டது. நடுவில் புதுத் துண்டு போட்டு, கிழக்கே ஒன்று மேற்கே ஒன்று என்று இரண்டு ஸ்ட்ரெயிட் ஜாயின்ட். ஹீட் ஷ்ரிங்க் கிட் (டார்ச்சால் சூடாக்கிச் சுருக்கும் ஸ்லீவ்கள்), பெயருள்ள கம்பெனிதான். வெளியிலிருந்து வந்த ஜாயின்ட்டர் ராத்திரியோடு ராத்திரியாக முடித்துக் கொடுத்தார். மெக்கர் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் டெஸ்ட்) அருமையாக வந்தது. சார்ஜ் செய்தோம்.

இந்த நவம்பரில் முதல் பெருமழை பெய்த மறுநாள் எர்த் ஃபால்ட், பிரேக்கர் ட்ரிப். தம்பர் (ஃபால்ட் இருக்கும் இடத்தைக் காட்டும் மெஷின்) வைத்துத் தேடினால் கிழக்குப் பக்க ஜாயின்ட். கான்ட்ராக்டர் "கிட் சரியில்லை" என்கிறார். கிட் விற்றவர் "வேலை சரியில்லை" என்கிறார். எங்கள் மேலிடமோ "இனி கோல்ட் ஷ்ரிங்க் வாங்கிடலாம், தலைவலி விட்டது" என்று முடித்துவிட்டது. உண்மையிலேயே விடுமா?

போன ஜாயின்ட்டை அப்படியே வெட்டி எடுத்து ஸ்டோரில் வைத்திருக்கிறேன். ஸ்கிராப்பில் போடச் சொல்கிறார்கள்.

பழைய_ஈயம்:

தம்பி, ஸ்கிராப்ல போட்டுடாதீங்க. அதுக்குள்ள எல்லாம் எழுதியிருக்கு, படிக்கத்தான் ஆள் வேணும்.

வெளி ஸ்லீவை நீளவாக்குல கத்தியால கீறித் திறங்க. சுத்தி சுத்தி அறுக்காதீங்க, அப்படி அறுத்தா உள்ள ஏற்கெனவே இருந்த கத்தித் தடம் எது, உங்க கத்தித் தடம் எதுன்னு தெரியாமப் போயிடும். ஒவ்வொரு அடுக்கா எடுங்க, எடுக்க எடுக்க போட்டோ புடிங்க. பஞ்சர் ஓட்டை எங்க இருக்குன்னு பாருங்க. ஃபெரூல், அதான் ரெண்டு கண்டக்டரையும் சேர்க்கிற குழாய், அது நடுவுல உருகியிருந்தா ஒரு கதை. செமிகான், அதான் இன்சுலேஷன் மேல இருக்கிற கருப்புத் தோல், அதை வெட்டின விளிம்புல ஓட்டை இருந்தா வேற கதை. அதைச் சொல்லுங்க, அப்புறம் பேசுவோம்.

காண்ட்ராக்ட்_பாண்டி:

அண்ணே, நான் அந்த கான்ட்ராக்டர் இல்ல, முதல்லயே சொல்லிடுறேன். ஆனா நானும் அதே பொழப்புதான். எங்க வேணாலும் ஜாயின்ட் போச்சுன்னா முதல் விரல் ஜாயின்ட்டர் பக்கம்தான் நீளும். ஒண்ணு மட்டும் கேக்குறேன். ஷட்டவுன் எத்தனை மணிக்குக் குடுத்தீங்க, எத்தனை மணிக்கு லைன் கேட்டீங்க?

கும்மிடி_மெயின்டனன்ஸ்:

@காண்ட்ராக்ட்_பாண்டி, பதிவேட்டில் இருப்பதைச் சொல்கிறேன். இரவு 8 மணிக்கு எல்.சி. (லைனை நிறுத்தி வேலைக்குக் கொடுக்கும் அனுமதி) கொடுத்தோம். குழி அகலப்படுத்தி, தண்ணீர் இறைத்து, கேபிளைத் துடைத்து வைக்க 10.30. அதிகாலை 5.45-க்கு சார்ஜ். ஒரு ஜாயின்ட்டர், ஒரு ஹெல்பர்.

மெக்கர்மீனா:

கணக்குப் போட்டால், மெக்கருக்கும் ஃபேஸ் சரிபார்ப்புக்கும் அரை மணி கழித்து, ஒரு ஜாயின்ட்டுக்கு மூன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். 240 ஸ்கொயர் மூன்று கோர் ஹீட் ஷ்ரிங்க்கை அவசரப்படாமல் செய்கிறவருக்கு நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். அதுவும் பகல் வெளிச்சத்தில், காய்ந்த குழியில்.

நான் கேபிள் டெஸ்டிங் பார்க்கிறேன். ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மெக்கர் நன்றாக வந்தது என்பதற்கு ஜாயின்ட் நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை. 5,000 வோல்ட் டிசி-யில் மெக்கர் பார்ப்பது ஈரத்தையும் நேரடியான கசிவையும்தான். இன்சுலேஷனில் தலைமுடி அகலத்துக்கு ஒரு கத்திக் கீறல் இருந்தால் மெக்கர் முள் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. கீறல் இருந்தும் ஆயிரக்கணக்கான மெகா ஓம் காட்டும், நீங்களும் நிம்மதியாகச் சார்ஜ் செய்வீர்கள். வி.எல்.எஃப். டெஸ்ட் செய்தீர்களா?

கும்மிடி_மெயின்டனன்ஸ்:

இல்லை. மெக்கர் மட்டும்தான்.

ஐடிஐ_கார்த்தி:

வி.எல்.எஃப்.னா என்ன மேடம்? எங்க சைட்ல டிசி ஹைபாட்தான் போடுவாங்க.

மெக்கர்மீனா:

மிகக் குறைந்த அதிர்வெண் ஏசி. 0.1 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுற்று வர பத்து விநாடி. 50 ஹெர்ட்ஸில் நீளமான கேபிளை டெஸ்ட் செய்ய லாரி அளவுக்கு மெஷின் வேண்டும், ஏனென்றால் கேபிள் தானே ஒரு பெரிய கெப்பாசிட்டர். அதிர்வெண்ணைக் குறைத்தால் இழுக்கும் கரண்ட் குறைகிறது, மெஷினும் வேனில் ஏறும் அளவுக்குச் சிறுக்கிறது.

டிசி ஹைபாட், அதாவது உயர் வோல்ட் டிசி டெஸ்ட், பேப்பர் கேபிள் காலத்துப் பழக்கம். ஓடிப் பழசான எக்ஸ்.எல்.பி.இ. கேபிளில் டிசி-யை ஏற்றினால் இன்சுலேஷனுக்குள் சார்ஜ் மாட்டிக்கொண்டு நிற்கும். டெஸ்டில் பாஸ் ஆகும், திரும்ப ஏசி-யில் போட்டதும் வேறொரு இடத்தில் போகும். டெஸ்ட் செய்ததால் செத்த கேபிள்கள் உண்டு. உங்கள் சைட்டில் சொல்லிப் பாருங்கள், கேட்பார்களா தெரியாது.

துபாய்_செல்வம்:

இழையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கல. நான் இங்க 11 கே.வி.யும் 132 கே.வி.யும் ஜாயின்ட் போடுறேன்.

கோல்ட் ஷ்ரிங்க் விஷயம்: டார்ச் வேண்டாம், அவ்வளவுதான் மிச்சம். நெருப்பு எழுப்பக்கூடாத இடம், சிந்திய டீசல் இருக்கிற இடம், அங்கெல்லாம் அது வரம். ஆனா செமிகானை உரிக்கிற கத்தி அதே கத்தி. ஃபெரூல் அதே ஃபெரூல். இன்னும் சொல்லப்போனா கோல்ட் ஷ்ரிங்க்ல அளவு பிசகவே கூடாது. உள்ள ஸ்ட்ரெஸ் கன்ட்ரோல் ஃபேக்டரியிலேயே வார்த்து வந்திருக்கும். செமிகான் விளிம்பு அது சொன்ன இடத்துல நிக்கணும். ரப்பரை விரிச்சு வெச்சிருக்கிற பிளாஸ்டிக் சுருளை இழுத்துட்டா ரப்பர் கவ்வும், அப்புறம் நகத்தவும் முடியாது, கழட்டவும் முடியாது. ஹீட் ஷ்ரிங்க்ல மாஸ்டிக், அதான் இடைவெளியை நிரப்புற பசை, கொஞ்சம் மன்னிக்கும். அப்புறம் கிட்டுக்குக் காலாவதித் தேதி இருக்கு, ஸ்டோர்ல வாங்கி வருஷக்கணக்கா வெச்சிருந்தா ரப்பர் விறைச்சிடும்.

உங்க மேலிடம் மாத்தினது பெட்டியை மட்டும்தான்.

கும்மிடி_மெயின்டனன்ஸ்:

இன்று மதியம் ஒர்க்‌ஷாப் மேஜையில் வைத்துத் திறந்துவிட்டேன். பழைய_ஈயம் ஐயா சொன்னபடியே நீளவாக்கில்.

வெளி ஸ்லீவின் ஒரு முனையில் உள்பசை உருகவே இல்லை. பசை பூசின கோடுகள் அச்சு மாறாமல் அப்படியே இருக்கின்றன. உள்ளே ஒரு சாண் தூரம் வரை சேற்றுக் கறை. எர்த் பின்னல் நன்றாக இருக்கிறது, ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கிறது. மூன்று ஃபெரூலும் நன்றாக இருக்கின்றன, நிறம் மாறவில்லை.

பஞ்சர் ஆர் ஃபேஸில். ஃபெரூலிலிருந்து தள்ளி, செமிகான் முடியும் விளிம்பில். குண்டூசித் தலை அளவு ஓட்டை, சுற்றிலும் கரி. ஸ்ட்ரெஸ் கன்ட்ரோல் டியூபை உரித்தபின் பார்த்தால், அந்த விளிம்பை ஒட்டி வெள்ளை இன்சுலேஷனில் வளையல் போட்டதுபோல் முழுச் சுற்றுக்கும் ஒரு கோடு. நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிறது. ஒய், பி ஃபேஸ்களிலும் அதே கோடு உண்டு, ஆழம் குறைவு.

பழைய_ஈயம்:

நகம் மாட்டுதுன்னா முடிஞ்சது. அது கத்தி.

துபாய்_செல்வம்:

ஐயா, தண்ணியை விட்டுடாதீங்க. பசை உருகல, சேறு உள்ள போயிருக்கு, மழைக்கு மறுநாள்தான் ட்ரிப். எனக்குத் தண்ணி மேலதான் சந்தேகம்.

மெக்கர்மீனா:

கும்மிடி சார், வெட்டி எடுக்கும் முன் மற்ற இரண்டு கோரையும் மெக்கர் பார்த்தீர்களா?

கும்மிடி_மெயின்டனன்ஸ்:

பார்த்தோம். ஒய், பி இரண்டும் ஜிகா ஓமில் நின்றன. ஆர் மட்டும் பூஜ்யம்.

மெக்கர்மீனா:

அப்படியானால் தண்ணீர் கடைசி ஆள்தான், முதல் ஆள் இல்லை. தண்ணீர் மூன்று கோருக்கும் பொதுவாகத்தான் போகும். அதுவே காரணம் என்றால் மூன்றும் இறங்கியிருக்க வேண்டும்.

செமிகான் விளிம்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்று தெரியாதவர்களுக்காக: கேபிளுக்குள் கண்டக்டருக்கும் வெளிச் செமிகானுக்கும் நடுவே மின்புலம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும். செமிகானை எங்கே வெட்டி நிறுத்துகிறோமோ அங்கே, தேர் திரும்பும் முனையில் கூட்டம் நெருக்குவதுபோல, மின்புலம் மொத்தமும் அந்த விளிம்பில் வந்து குவியும். அதைப் பரத்திவிடத்தான் ஸ்ட்ரெஸ் கன்ட்ரோல் டியூபும் மஞ்சள் மாஸ்டிக்கும். சரியாக அதே இடத்தில் கத்திக் கோடு விழுந்தால் அதற்குள் காற்று நிற்கும். காற்று, எக்ஸ்.எல்.பி.இ. தாங்குகிற அழுத்தத்தில் சிறு பங்குகூடத் தாங்காது. 11 கே.வி. கேபிளில் ஒரு கோருக்கு எர்த்தோடு 6.35 கே.வி. நம் ஐ.எஸ். 7098 கேபிளில் இன்சுலேஷன் கனம் வெறும் 3.6 மில்லிமீட்டர். அதில் அரை மில்லிமீட்டர் கீறல் என்பது சின்ன விஷயம் இல்லை. கீறலுக்குள் ஒவ்வொரு சுற்றிலும் பொடிப்பொடியாக டிஸ்சார்ஜ் நடந்து, மாதக்கணக்கில் உள்ளே அரித்துக்கொண்டே போகும். வெளியே எந்த அறிகுறியும் இருக்காது.

துபாய்_செல்வம்:

ஜிகா ஓம்னு சொன்னதும் என் கட்சி விழுந்துடுச்சு. சரி, கத்திதான்.

ஆனா பசை உருகாதது தனிக் குத்தம். அவசரத்துல நீல ஜ்வாலை வெச்சிருப்பாரு. நீலம் கூரா இருக்கும், மேல் தோல் சட்டுனு சுருங்கிடும், பாக்க முடிஞ்ச மாதிரி இருக்கும், உள்ள பசை வரைக்கும் சூடு போயிருக்காது. நுனி மஞ்சளா, ஜ்வாலை பரந்து, மெத்துனு இருக்கணும். நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் போகணும், டார்ச் ஒரு இடத்துல நிக்கக்கூடாது. முனையில பசை மெலிசா பிதுங்கி வெளிய வந்தா சரி.

காண்ட்ராக்ட்_பாண்டி:

எல்லாஞ் சரிண்ணே. நான் மறுக்கல. ஆனா அந்த மனுஷன் நெலமையிலயும் நின்னு பாருங்க. குழிக்குள்ள முழங்கால் சேறு. ஹெல்பர் கையில செல்போன் லைட். மேல அரை மணிக்கு ஒருதரம் யாராச்சும் வந்து "எவ்ளோ நேரம் ஆகும்"னு கேப்பாங்க. கூலி ஜாயின்ட் கணக்கு. ஒரு ஜாயின்ட்டை ஆறு மணி நேரம் போட்டாலும் அதே காசு, மூணு மணி நேரத்துல போட்டாலும் அதே காசு. எவன் ஆறு மணி நேரம் போடுவான்?

டெண்டர்ல கேபிளுக்கு மீட்டர் ரேட், கிட்டுக்கு விலை, தோண்டுறதுக்குக் கன மீட்டர் ரேட், எல்லாத்தையும் எழுதுறாங்க. ஜாயின்ட்டர் கூலி "கிட்டுடன் சேர்த்து"ன்னு ஒரு வரியில முடிஞ்சிடும். கிட் விலை போக மிஞ்சுறதுல ஹெல்பர், கேஸ், வண்டி வாடகை, எல்லாம் அதுக்குள்ள. நல்ல ஜாயின்ட்டர் அந்த ரேட்டுக்கு வர மாட்டான். அவனெல்லாம் செல்வம் அண்ணன் மாதிரி பிளேன் ஏறிட்டான்.

பழைய_ஈயம்:

பாண்டி, நீ சொல்றது நியாயம்தான்பா. இந்த ஜாயின்ட் கணக்குக் கூலிதான் எல்லாத்தையும் கெடுத்துது. நான் எழுபதுகளின் கடைசியில ஹெல்பரா சேர்ந்தப்போ நாள் சம்பளம். அப்போ எல்லாம் ஈயக் கேபிள், உள்ள எண்ணெயில ஊறின தாள். குழிக்கு மேல தார்ப்பாய்ல கூடாரம். ஜாயின்ட் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு சோதனை உண்டு. உள் தாளை ஒரு துண்டு கிழிச்சு, கொறடால புடிச்சு, 130 டிகிரிக்குப் பக்கத்துல காய்ஞ்ச எண்ணெயில விடணும். கையால தொடக்கூடாது, விரல் வேர்வையே தப்புக் காட்டும். எண்ணெய் சடசடன்னு நுரைச்சா ஈரம். இன்னும் ஒரு அடி வெட்டு. மறுபடி தாள், மறுபடி எண்ணெய். சத்தம் அடங்குற வரைக்கும் வெட்டிக்கிட்டே பின்னால போவோம். எஞ்சினீயர் வந்து நின்னாலும் சரி, எண்ணெய் அடங்கலைன்னா வேலை ஆரம்பிக்காது. அவருக்கும் அது தெரியும், அவரும் கேக்க மாட்டாரு.

அப்புறம் ஈயம் வைக்கிறது. உருக்கின ஈயத்தை ஊத்தி, கொழுப்பு தடவின துணியால கெட்டியாகுறதுக்குள்ள வழிச்சு வழிச்சு உருண்டையாக் கொண்டாரணும். என் மேஸ்திரி வெச்ச உருண்டை கடைசல்ல போட்ட மாதிரி இருக்கும். அந்த ஈயப் புகை உடம்புக்கு ஆகாதுன்னு அப்போ எங்களுக்கு யாரும் சொல்லல. அதையும் சொல்லணும், பழசு எல்லாம் நல்லதுன்னு சொல்ல வரல.

எக்ஸ்.எல்.பி.இ. வந்தப்போ "இனி யார் வேணாலும் போடலாம், கிட்டுல படம் போட்டிருக்கு"ன்னு சொன்னாங்க. உண்மையில தாள் கேபிள்தான் பொறுத்துப் போகும். சின்னக் காயம்னா எண்ணெய் ஊறி நிரப்பிக்கும். பிளாஸ்டிக்குல விழுந்த கீறல் விழுந்ததுதான்.

ஐடிஐ_கார்த்தி:

ஐயா, செமிகான் உரிக்கிறதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்களேன். எங்க சீனியர் காட்ட மாட்டேங்கிறார். கேஸ் சிலிண்டர் தூக்க மட்டும் கூப்பிடுறார்.

பழைய_ஈயம்:

காட்டாதவன் இருக்கத்தான் செய்வான், அவன் கையைப் பாத்துக்கிட்டே இரு.

அளவு குறிச்ச இடத்துல பிவிசி டேப்பை ஒரு சுத்து ஒட்டு, அதுதான் உன் வேலி. வளையக் கோடு போடுறப்போ கத்தி செமிகானை அறுக்கக் கூடாது. கோடு மட்டும் போடணும், கனத்துல பாதிக்கு மேல இறங்கக் கூடாது. நீளவாக்குலயும் முனையிலேருந்து அதே மாதிரி ரெண்டு மூணு கோடு. அப்புறம் முனையில ஒரு பட்டையைக் கிளப்பி, இழுத்துக்கிட்டே வா. வளையக் கோட்டுக்கு வந்ததும் பக்கவாட்டுல திருப்பி இழு, அது தானாக் கிழிஞ்சு நிக்கும். கத்தி பாதி, விரல் பாதி. கிழிஞ்ச விளிம்பு பிசிறா இருந்தா எமரியால சரிவாத் தேய்ச்சு இறக்கு.

எல்லாக் கேபிளும் இப்படி உரிஞ்சு வராது. ஒட்டின ரகம் ஒண்ணு உண்டு. அதுக்கு இப்போ சுரண்டுற டூல் இருக்கு, நாங்க உடைஞ்ச கண்ணாடித் துண்டாலதான் சுரண்டுவோம். கண்ணாடி விளிம்பு வட்டமாச் சீவும், கத்தி மாதிரி உள்ள இறங்காது.

துபாய்_செல்வம்:

ஐயா சொன்னதோட ரெண்டு சேத்துக்கறேன் தம்பி. எமரி கிட்டோட வர்ற அலுமினியம் ஆக்சைடு மட்டும்தான். கடையில கருப்பு எமரி கிடைக்குதுன்னு வாங்கித் தேய்க்காத, அதோட துகள் இன்சுலேஷன்ல பதிஞ்சிடும்.

துடைக்கிறப்போ ஃபெரூல் பக்கத்துலேருந்து செமிகானை நோக்கி மட்டும். ஒரே திசை. செமிகானைத் தொட்ட துணியை மறுபடி வெள்ளை மேல கொண்டு வந்தா கரியை நீயே பூசி விடுற. ஒரு துடைப்பு, துணியைத் தூக்கிப் போடு. கிட்டுல எண்ணித்தான் குடுத்திருப்பான், பத்தலைன்னு பழசையே திருப்பிப் போட்டுத் துடைக்கிறதை எவ்வளவோ பார்த்திருக்கேன்.

இங்க மின் துறை வைக்கிற தேர்வுல பாஸ் ஆகி அட்டை வாங்கினாத்தான் குழிக்குள்ள இறங்க முடியும். வெயில் காலத்துல, ஜூன் 15-லேருந்து செப்டம்பர் 15 வரைக்கும், மதியம் 12.30-லேருந்து 3 மணி வரை வெளி வேலை சட்டப்படி கிடையாது. 132 கே.வி. ஜாயின்ட்டுன்னா ஏசி வெச்ச கூடாரம், தூசி வராம மேட், கேபிளை முன்னாடியே சூடு பண்ணி நேராக்கி ஆற வைக்கிறது, இன்சுலேஷனைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போடுறது. நாள் கணக்குல ஓடும். யாரும் வந்து "எவ்ளோ நேரம்"னு கேக்க மாட்டாங்க. அதே ஊர்ல 11 கே.வி. சப் கான்ட்ராக்ட் வேலைல பாண்டி சொன்ன அதே அவசரமும் இருக்கு. வெளிநாடுன்னா எல்லாம் ஒழுங்குன்னு நினைச்சுடாதீங்க.

ஐடிஐ_கார்த்தி:

நன்றி ஐயா, நன்றி அண்ணா. கேபிளை வெட்டுறப்போ பயமா இருக்காதா? இதுதான் செத்த கேபிள்னு எப்படி நம்புறது?

துபாய்_செல்வம்:

நம்பக்கூடாது. ஒரே பள்ளத்துல நாலு கேபிள் ஒரே நிறத்துல கிடக்கும். எல்.சி. பேப்பர் கையில இருந்தாலும், ரெண்டு முனையும் எர்த் பண்ணியிருந்தாலும், சிக்னல் விட்டு அடையாளம் பார்த்தாலும், வெட்டுறதுக்கு முன்னாடி ஸ்பைக்கிங் கன். தள்ளி நின்னு ஆணியை உள்ள இறக்குறது. ஆள் குழிக்கு வெளிய. ஸ்பைக் பண்ணாத கேபிள்ல ஹாக்சா வைக்காத, யார் சொன்னாலும்.

மெக்கர்மீனா:

டெஸ்ட் முடிந்த கேபிளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெஷினை நிறுத்தினால் போதாது, டிஸ்சார்ஜ் ராடு வைத்து எர்த் செய்து, எர்த்தை அப்படியே விட்டுவைக்க வேண்டும். கேபிள் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும்.

காண்ட்ராக்ட்_பாண்டி:

நம்ம பக்கம் ஸ்பைக்கிங் கன் எத்தனை பேர்கிட்ட இருக்குன்னு ஒரு தனி இழை போடலாம். போட்டா அழுகைதான் வரும்.

கும்மிடி_மெயின்டனன்ஸ்:

நிலவரம் சொல்லிவிடுகிறேன். கிழக்கு ஜாயின்ட்டை மறுபடி போட்டாயிற்று. ஹீட் ஷ்ரிங்க்தான், அதே கம்பெனி கிட். இந்த முறை பகலில், பம்பு ஓட, மேலே ஷீட் கட்டி. மேலிடத்திடம் போட்டோக்களைக் காட்டியபின் பாண்டி சொன்னதை வைத்து ஒர்க் ஆர்டரில் ஜாயின்ட்டர் கூலியைத் தனி வரியாக, நாள் கணக்கில் எழுத ஒப்புக்கொண்டார்கள். செமிகான் வெட்டியதும் நிறுத்தி எனக்குக் காட்ட வேண்டும், ஃபெரூல் கிரிம்ப் செய்து பிசிறு தேய்த்ததும் நிறுத்திக் காட்ட வேண்டும் என்று இரண்டு இடங்களில் நிறுத்தமும் போட்டோம். வந்தவர் முதலில் முறைத்தார். நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், வழுக்கியது. அதற்கப்புறம் அவரே ஒவ்வொன்றையும் கூப்பிட்டுக் காட்ட ஆரம்பித்துவிட்டார். ஒரு நாள் முழுக்க ஆனது. வி.எல்.எஃப். பாஸ்.

பழைய_ஈயம்:

நல்லது தம்பி. அது சரி, மேற்குப் பக்க ஜாயின்ட்?

கும்மிடி_மெயின்டனன்ஸ்:

அது அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கிறது ஐயா. வி.எல்.எஃப். அதையும் சேர்த்துத்தானே பாஸ் ஆனது?

மெக்கர்மீனா:

அன்று தாங்கியது, அவ்வளவுதான் பாஸ் என்பதற்குப் பொருள். அதே கை, அதே ராத்திரி, இரண்டாவதாகப் போட்ட ஜாயின்ட் எதுவோ அதற்குத்தான் நேரம் இன்னும் குறைவாகக் கிடைத்திருக்கும். அடுத்த ஷட்டவுனில் வி.எல்.எஃப்.-உடன் பார்ஷியல் டிஸ்சார்ஜ் (முன்பு சொன்ன அந்தப் பொடி டிஸ்சார்ஜ்) அளவும் எடுத்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் எத்தனை மீட்டரில் வருகிறது என்று மெஷினே காட்டும். அது மேற்கு ஜாயின்ட் இருக்கும் தூரத்தோடு ஒத்துவந்தால் யோசிக்காமல் வெட்டி எடுங்கள். இரண்டில் எது முதலில் போட்டார் என்று தெரியுமா?

கும்மிடி_மெயின்டனன்ஸ்:

கிழக்குதான் முதலில். பொங்கலுக்கு ஆலை இரண்டு நாள் நிற்கும், அப்போது டெஸ்ட் வைக்கக் கேட்கிறேன். கிட் ஒன்று இப்போதே வாங்கி வைத்துவிடுகிறேன்.

துபாய்_செல்வம்:

கிட் மட்டும் போதாதுங்க. வெட்டி எடுத்தா ரெண்டு முனையும் எட்டாது. குழிக்குள்ள லூப், அதான் உபரிக் கேபிள், விட்டிருக்காங்களான்னு பாருங்க. இல்லைன்னா துண்டு போட்டு மறுபடி ரெண்டு ஜாயின்ட், ரெண்டு கிட், ரெண்டு நாள்.